குறிப்பறிதல் எவர் கடமை?

தலைவன் ஒருவன், துணைவன் ஒருவன் என இருவர் கூடாது நடைபெறும் தொழில் இவ்வுலகில் அரிது. கொத்தனாருக்குச் சித்தாள் வேண்டும். கொல்லனுக்குச் சம்மட்டி அடிப்பவன் வேண்டும். மருத்துவருக்குச் செவிலியும், மேலாளருக்கு உதவியாளரும், லாரி ஓட்டுநருக்குக் கிளீனரும் வேண்டும். இவ்விருவருள் பெரியர் எவர் என்று வாதிட யான் ஈண்டுப் புகுந்திலேன். ஒருவர் மனத்தை மற்றொருவர் எவ்வாறு அறிகின்றனர், அங்ஙனம் அறியாவிடின் விளைவது யாது என்னும் இரண்டையுமே ஆராய விரும்புகின்றேன். அலுவலகங்களைப் பற்றி எழுத மாணவனுக்கு என்ன தகுதி என்று கேட்போர் உளராயின், துணைவர்களாகவே உழைத்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்ததே என் தகுதி என்பேன்.

எனது ஊர் கூட்டேரிப்பட்டு. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருஞ்சாலையில் அஃது அமைந்துள்ளது. மயிலம் முருகன் கோயிலுக்கும், அதனைக் கடந்து புதுச்சேரிக்கும் செல்வோர் எம்மூரில்தான் பெருஞ்சாலையை விட்டுத் திரும்புவர். பங்குனி உத்திரக் காலத்தில் காவடிகளும் பேருந்துகளும் லாரிகளும் ஒருங்கே நெருங்கி நிற்கும் காட்சியை எம்மூரார் நன்கறிவர். ஏனைய நாள்களிலும் சாலை உறங்குவதில்லை. நெல்லும் மணிலாக் கொட்டையும் கரும்பும் ஏற்றிய வண்டிகள் இரவெல்லாம் செல்லும். எம்மூர்ப் பிள்ளைகளுள் எழுத்தை அறியுமுன் லாரியின் ஒலியை அறிந்தவர் பலர். யானும் அவருள் ஒருவன். என் தந்தையார் லாரி ஓட்டுநர். பதினைந்தாம் வயதில் கிளீனராகச் சேர்ந்து, டயர் கழற்றியும் கண்ணாடி துடைத்தும் ஏச்சுக் கேட்டும் தொழில் கற்று, பின்னர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தவர்.

சுமை நிறைந்த லாரியைப் பின்னோக்கிச் செலுத்துவதைக் கண்டோர், தலைவன் துணைவன் என்னும் முறையின் உட்பொருளை ஒருவாறு உணர்ந்திருப்பர். ஓட்டுநரிடத்தில் இயந்திரத்தின் ஆற்றல் முழுவதும் உளது. ஆயினும் வண்டியின் பின்புறம் அவர் கண்ணுக்குப் புலனாவதில்லை. பின்னால் நிற்கும் கிளீனரிடத்தில் ஆற்றல் யாதும் இல்லை. ஆயினும் அனைத்தையும் காண்பவன் அவனே. அவன் 'வரட்டும், வரட்டும்' என்று குரல் கொடுத்தால் வண்டி வரும். மரப்பலகையில் ஓங்கி ஒருமுறை தட்டினால் வண்டி நிற்றல் வேண்டும். கட்டளையிடுவோனுக்குக் கண் இல்லை. கண்ணுடையோனுக்குக் கட்டளையிடும் உரிமை இல்லை. இவ்விரு குறைகளும் கூடி ஒரு முழுமையாவது, தட்டும் ஓசையைத் தலைவன் மதிப்பதனால் மட்டுமே.

யான் பள்ளியில் பயின்ற நாள்களில், கோடை விடுமுறையின்போது தந்தையாருடன் சில பயணங்கள் சென்றதுண்டு. ஒருநாள் இரவு, மழை தூறிக்கொண்டிருக்க, அரிசி ஆலை ஒன்றின் முற்றத்தில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினார். கிளீனர் புதியவன்; என்னைவிட இரண்டொரு வயதே மூத்தவன். திடீரெனப் பலகையை ஓங்கித் தட்டினான். வண்டி நின்றது. தந்தையார் இறங்கிச் சென்று பார்த்தார். நனைந்த கோணிப்பை ஒன்றே விளக்கொளியில் ஆள் படுத்திருப்பது போலத் தோன்றிற்று. ஆலைக் கூலிகள் நகைத்தனர். அவ்விளைஞன் முகம் சுருங்கியது. தந்தையார் யாதொன்றும் கூறாமல் பையை அப்புறப்படுத்தி, "தட்டினது சரிதான் தம்பி, இன்னும் பத்தடி இருக்கிறது, பார்" என்று சொல்லி மீண்டும் ஏறி அமர்ந்தார். வீணாக நிறுத்தச் செய்தவனை ஏன் கடிந்திலீர் என்று பின்னர் யான் கேட்டேன். அவர் சொன்ன விடை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. "இல்லாததற்குத் தட்டினவனை இன்று ஏசினால், இருப்பதற்குத் தட்ட நாளைக்கு அவன் யோசிப்பான். அவன் யோசிக்கிற நேரத்தில் வண்டி ஏறிவிடும்" என்றார்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் பயிலாத என் தந்தையார் கூறிய இதனையே மேனாட்டு அறிஞர் பலர் அண்மைக் காலத்தில் பெரிய ஆராய்ச்சிகளால் நிறுவியுள்ளனர் என்பதைக் கல்லூரிக்கு வந்தபின் அறிந்து வியந்தேன். 1990ஆம் ஆண்டில் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இருவர், தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து அவ்வறிவால் தன் செயலை நெறிப்படுத்தும் திறனும் ஒருவகை அறிவே என்று எழுதினர். 1995இல் டேனியல் கோல்மன் என்பார் வெளியிட்ட நூலால் அக்கருத்து உலகெங்கும் பரவியது. இன்று பெரிய நிறுவனங்கள் தம் மேலாளர்களுக்கு இதனைப் பாடமாகவே கற்பிக்கின்றன. 'உணர்வறிவு' என்று அதற்குத் தமிழில் புதுப்பெயர் வழங்குவோர் உளர். புதுப்பெயர் வேண்டாவென்று யான் கூறேன். ஆயினும் பழம்பெயர் ஒன்று நம்மிடத்தில் இருத்தலை மறத்தல் ஆகாது.

அப்பழம்பெயர் குறிப்பறிதல் என்பது. திருக்குறளில் இப்பெயருடைய அதிகாரங்கள் இரண்டு உள. பொருட்பாலில் எழுபத்தொன்றாம் அதிகாரமும், இன்பத்துப்பாலில் நூற்றுப்பத்தாம் அதிகாரமும் ஆகிய இரண்டிற்கும் பெயர் ஒன்றே. அரசவையில் பிறர் முகம் நோக்கி உள்ளம் அறிவதற்கும், காதலர் ஒருவர் விழியை ஒருவர் நோக்கி உள்ளம் அறிவதற்கும் ஒரே சொல்லை வைத்தமை எண்ணி எண்ணி மகிழத்தக்கது. பிறர் உள்ளத்தை அறியும் ஆற்றல் வீட்டிற்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என இருவேறு வகைப்பட்டதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. பொருட்பாலில் இவ்வதிகாரம் அரசனைப் பற்றிய பகுதியில் அமைந்திலது. அமைச்சு முதல் அவையஞ்சாமை ஈறாக அமைச்சர்க்கு உரியனவாய் நிற்கும் பத்து அதிகாரங்களுள், மன்னரைச் சேர்ந்தொழுதலுக்கு அடுத்ததாக அமைந்துள்ளது. அஃதாவது, குறிப்பறிதல் துணைவர்க்குரிய இலக்கணமாக நிற்கின்றது. அரசன் முகம் சுளித்தால் அமைச்சன் உணர்தல் வேண்டும். அரசன் வாய் திறவாமலே அவன் கருத்தை அறிதல் வேண்டும். முடியாட்சிக் காலத்தில் இஃது இயல்பே. ஆனால் முடியாட்சி ஒழிந்த பின்னரும் இவ்வொழுங்கு மட்டும் மாறாது நிற்பதை நாம் காண்கிறோம். மேலோர் மனநிலையைக் கீழோர் அறிந்து நடத்தலே பணிவு என்றும், கீழோர் மனநிலையை மேலோர் அறிதல் வேண்டா என்றும் பலர் கருதுகின்றனர். யான் இக்கட்டுரையில் மறுக்கப் புகுந்த கருத்து இதுவே. குறிப்பறிதல் துணைவர்க்கு வேண்டும். தலைவர்க்கு அதனினும் மிகுதியாக வேண்டும்.

இதற்குக் காரணம் எளிது. துணைவன் தலைவனுடைய குறிப்பை அறியாவிடின் அவனுக்கே தீங்கு வரும். ஆதலால் எவரும் கற்பிக்காமலே அவன் அதனைக் கற்றுக்கொள்வான். தலைவனோ துணைவனுடைய குறிப்பை அறியாவிட்டாலும் அன்றைய பொழுது அவனுக்கு யாதொரு குறையுமின்றிக் கழியும். தீங்கு உடனே வாராமையால் அவன் கற்பதில்லை. அது வரும்பொழுது அவனுக்கு மட்டுமின்றி அனைவர்க்கும் வரும்.

என் தமையனார் பட்டம் பெற்றபின் வாணிக நிலையம் ஒன்றில் மேலாளரின் உதவியாளராகச் சேர்ந்தார். அந்நிலையத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை; அத்தகையன ஊர்தோறும் உள. காலையில் அலுவலகத்துள் நுழைவோர் அனைவரும் வாயிற்காவலரிடம், "இன்று முகம் எப்படி?" என்று வினவுவது அங்கு வழக்கமாம். 'நன்று' என்பது விடையாயின் கையெழுத்து வேண்டிய தாள்கள் உடனே மேலாளரின் மேசைக்குச் செல்லும். 'சரியில்லை' என்பது விடையாயின் அவை மறுநாளைக்கு நிற்கும். ஒரு திங்கட்கிழமையன்று, கிடங்கின் ஒரு மூலையில் மழைநீர் கசிந்து சில மூட்டைகள் நனைந்ததை ஒருவர் கண்டார். அன்று முகம் சரியில்லை. செவ்வாயன்றும் சரியில்லை. வெள்ளிக்கிழமை சொல்லப்பட்டபோது நனைந்த மூட்டைகள் பன்மடங்கு பெருகியிருந்தன. "முன்னமே ஏன் சொல்லவில்லை?" என்று மேலாளர் இடிபோல் முழங்கினார். ஒருவரும் விடை கூறவில்லை. அக்கேள்வியைக் கேட்ட குரலிலேயே அதன் விடை இருந்தது.

அம்மேலாளர் தீயவர் அல்லர் என்று தமையனார் கூறுவார். கணக்கில் கூர்மையுடையவர், கையூட்டு வாங்காதவர், பிறரைவிடக் கடுமையாக உழைப்பவர். தம் முகமே அந்நிலையத்தின் வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் செய்கின்றது என்பதை மட்டும் அவர் அறிந்திலர். தமையனார் ஈராண்டுகளில் அவ்வேலையை விட்டு நீங்கினார். ஊதியக் குறைவு காரணமன்று. நாள்தோறும் பிறர் முகத்தைப் படிப்பதிலேயே தம் ஆற்றல் முழுதும் செலவாகி, வேலைக்கு எஞ்சுவது சிறிதாயிற்று என்றார். அவர் வீட்டிற்கு வந்த பின்னரும் எவரேனும் உரக்கப் பேசினால் திடுக்கிட்டு நிமிர்வதை எம் அன்னையார் கண்டு வருந்துவார்.

நனைந்த மூட்டைகளோடு போவதாயின் இதனைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை. உயிர்கள் போன வரலாறும் உண்டு. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மேற்கே கேனரித் தீவுகளுள் ஒன்றாகிய தெனெரிஃபின் விமான நிலையத்தில், மூடுபனியின் இடையே இரண்டு பெரிய விமானங்கள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டனர். ஒரு விமானம் பாதையைவிட்டு இன்னும் நீங்காதிருக்க, மற்றொன்றின் தலைமை விமானி, புறப்படுவதற்கு முறையான இசைவு பெறாமலே விமானத்தை ஓட்டத் தொடங்கினார். அவர் அனுபவமில்லாதவர் அல்லர். தம் நிறுவனத்தின் பிற விமானிகளுக்குப் பயிற்சியளித்த மூத்தவர். அவருடன் இருந்த பொறியாளர், மற்ற விமானம் இன்னும் பாதையில் இருக்கின்றதோ என்று ஐயம் எழுப்பினார். தலைவர் உறுதியான குரலில் அவ்வையத்தைத் தள்ளினார். அதன்பின் ஒருவரும் பேசவில்லை. சில நொடிகளில் அனைத்தும் முடிந்தன.

அன்று பலகை தட்டப்படாமல் இல்லை. தட்டப்பட்டது, ஆனால் மெல்லத் தட்டப்பட்டது. தலைவரின் புகழும் மூப்பும் உறுதியான குரலும் இரண்டாம் முறை தட்டவொட்டாமல் அக்கையைத் தடுத்தன. இவ்விபத்தும் இதுபோன்ற பிறவும் விமானத்துறையினரின் கண்களைத் திறந்தன. அதன்பின் விமானிகளின் பயிற்சியில் ஒரு புதிய பாடம் இடம்பெற்றது. ஐயம் தோன்றின் துணைவர் தயங்காது தெளிவாகக் கூறுதல் வேண்டும். கூறியதைத் தலைவர் செவிமடுத்தல் வேண்டும். இவ்விரண்டையும் விமானத்தை ஓட்டும் திறனைப் போலவே பயின்று பழகுதல் வேண்டும் என்பது அப்பாடத்தின் சாரம். பேசுதலும் கேட்டலும் இயல்பாக வருவன அல்ல, பயிற்சியால் வருவன என்று உலகம் உணர்தற்கு இத்துணை உயிர்கள் விலையாயின.

மருத்துவமனைகளில் செய்யப்பட்ட ஆராய்ச்சி ஒன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. எமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியை, நல்ல குழுவாக இயங்கும் பிரிவுகளில் மருந்தளிப்பதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தார். கிடைத்த கணக்கு அவரைத் திகைக்க வைத்தது. தலைமை சிறந்து ஒற்றுமை மிக்க பிரிவுகளிலேயே பிழைகளின் தொகை மிகுதியாகக் காணப்பட்டது. மேலும் நுணுகி நோக்கியபோது காரணம் விளங்கிற்று. அப்பிரிவுகளில் செவிலியர் தம் பிழைகளை மறையாது எடுத்துரைத்தனர். ஏனைய பிரிவுகளில் அச்சத்தால் மறைத்தனர். 1996இல் வெளியான இவ்வாய்வு நமக்குக் கற்பிப்பது ஒன்று. குறையே காணப்படாத அலுவலகத்தைக் கண்டால் உடனே மகிழ்தல் ஆகாது. அங்குக் குறை இல்லையோ, குறையைக் கூறும் நா இல்லையோ என்று வினவுதல் வேண்டும்.

மருத்துவமனை என்றவுடன் எம்மூர்ப் பக்கத்தார்க்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். எமது ஊரிலிருந்து வடக்கே சிறிது தொலைவிலுள்ள திண்டிவனத்தில், 1890ஐ ஒட்டிய காலத்தில், மருத்துவரான தம் தந்தையாருடன் தங்கியிருந்த இளம்பெண் ஒருவரின் வாயிலை ஒரே இரவில் மூவர் தட்டினர். மூவரும் மகப்பேற்றில் துன்புற்ற தம் மனைவியர்க்காக உதவி நாடி வந்தவர்; ஆண் மருத்துவர் வருதலை அவர்தம் குல வழக்கங்கள் ஏற்றில. அப்பெண்ணோ அன்று மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் அம்மூவரும் மாண்டனர். அத்துயரமே ஐடா ஸ்கட்டரை மருத்துவராக்கியது என்பது நம் கல்லூரி மாணவர் பலரும் சிறுவயதில் கேட்ட வரலாறு. 1900ஆம் ஆண்டில் மருத்துவராய் மீண்டு வந்து வேலூரில் பணி தொடங்கிய அவருக்குத் தொழில் பயின்ற துணைவர் எவரும் இலர். வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமி என்னும் அம்மையே அவருக்கு முதல் உதவியாளர். 1902இல் புதிய மருத்துவமனை எழுந்த காலத்தில் அறுவை மேசையின் அருகில் நின்றவரும் அவ்வம்மையே.

இவ்வரலாற்றின் முற்பகுதியைப் பலர் கூறுவர். சலோமியைப் பற்றிக் கூறுவோர் சிலரே. எனக்கோ அப்பிற்பகுதியே பெரிதாகத் தோன்றுகின்றது. மருத்துவக் கல்வி பெறாத ஒருவரை அருகில் நிறுத்தி அறுவை செய்தல் வேண்டுமாயின், அவர் அஞ்சாமல் வினவுதற்கு இடம் தருதல் வேண்டும். அவர் கை நடுங்குவதைக் கண்டு அதற்கேற்பத் தம் குரலை அமைத்தல் வேண்டும். கற்றவர் தம் கல்வியைக் கீழிறக்கிப் பகிர்ந்தாலன்றி அவ்வேலை ஒரு நாளும் நடந்திராது. ஐடா அம்மையார் அத்துடன் நின்றிலர். 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவர் முயற்சியால் தோன்றின. உதவியாளரை என்றும் உதவியாளராகவே வைத்துக்கொள்ளாமல், தமக்கு நிகரானவராக்கும் வழியை அவர் திறந்தார். பிற்காலத்தில் அந்நிலையத்தின் தலைமையை ஹில்டா லாசரஸ் என்னும் இந்திய மருத்துவ அம்மையார் ஏற்றபோது அவ்வழியின் பயன் கண்கூடாயிற்று.

துணைவன் தட்டிச் சொல்லாமையைப் பற்றிக் கூறினேன். துணைவன் தோற்றபோது தலைவன் செய்யத்தக்கது யாது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், ஸ்ரீஅரிக்கோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவுகலம் முதன்முறையாகச் செலுத்தப்பட்டு வங்கக் கடலில் வீழ்ந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். பல்லாண்டு உழைப்பு அன்று கடலில் மூழ்கியது. செய்தியாளர் கூடினர். அவர்கள்முன் கலாம் நிறுத்தப்படவில்லை. விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் தாமே முன்சென்று தோல்வியின் பொறுப்பை ஏற்று, தம் குழுவினரிடத்துத் தமக்குள்ள நம்பிக்கையை வெளியிட்டார். 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அதே ஏவுகலம் ரோகிணி என்னும் துணைக்கோளை வானில் நிறுத்தியது. அன்று செய்தியாளரைச் சந்திக்குமாறு தவான் கலாமைப் பணித்தார். இந்நிகழ்ச்சியைக் கலாம் குடியரசுத் தலைவரான பின்னரும் இளைஞர்களிடம் மீண்டும் மீண்டும் கூறி வந்தார். தலைவர் ஒருவர் ஓராண்டு இடைவெளியில் இரண்டு நாள்களில் செய்த செயல், துணைவர் ஒருவரின் நெஞ்சில் வாழ்நாள் முழுவதும் நின்றது.

இங்கே ஒரு தடை எழுதல் கூடும். மேலோர் இங்ஙனம் இளகி நடந்தால் கீழோர் அஞ்சார். அஞ்சாதவிடத்து வேலை நடவாது என்பர் சிலர். அவர்க்கு விடை அரசியலில் உள்ள அதிகார வரிசையிலேயே கிடைக்கின்றது. ஐம்பத்தேழாவது வெருவந்த செய்யாமை; ஐம்பத்தெட்டாவது கண்ணோட்டம்; ஐம்பத்தொன்பதாவது ஒற்றாடல். குடிகள் வெருவும் செயலைச் செய்யாமையும், இரக்கமுடைய பார்வையும் அரசனுக்குக் கூறப்பட்டபின், ஒற்றரால் உண்மை அறிதல் கூறப்படுகின்றது. இவ்வரிசையின் காரணம் உரையாசிரியர்கள் ஆராயத்தக்கது; என் சிற்றறிவுக்குத் தோன்றுவது வேறு ஒன்று. முன்னிரண்டையும் கைவிட்ட தலைவன் மூன்றாவதை மட்டுமே நம்பி வாழ நேரும். நேரே வந்து உண்மை சொல்வோர் இல்லாத அலுவலகத்தில் கோள் சொல்வோர் பெருகுவர். அச்சத்தால் வேலை நடக்கின்றது என்பது மெய்யே. ஆயின் அஃது அவன் காணும் இடத்தில் மட்டுமே நடக்கும். லாரியின் பின்புறம் ஓட்டுநர் காணாத இடம் அன்றோ!

கண்ணோட்டம் என்பது கண்டிப்பின்மை அன்று. என் தந்தையார் கயிறு தளரக் கட்டிய கிளீனரைக் கடிந்ததை யான் கண்டதுண்டு. ஆனால் பிறர் நகைக்கும்படி கடிந்ததைக் கண்டதில்லை. கடிவதாயின் வண்டிக்குள் வைத்துக் கடிவார். உண்பதாயின் ஒரே பலகையில் அமர்ந்து உண்பார். பிழை செய்தவனைத் திருத்துவது வேறு. பிழையைச் சொன்னவனைத் தண்டிப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதனாலேயே பல அலுவலகங்கள் கெடுகின்றன.

துணைவர்க்கும் கடமை உண்டு. தலைவர்க்கு மட்டுமே அறிவுரை கூறி, துணைவரைக் குற்றமற்றவராகக் காட்டின் இக்கட்டுரை ஒருதலைப்பட்டதாகும். உண்மையைக் கூறுதல் வேண்டும். காலம் தாழாமல் கூறுதல் வேண்டும். கண்டதையும் கருதியதையும் கலவாமல் கூறுதல் வேண்டும். 'ஏதோ சரியில்லை போலிருக்கிறது' என்று முணுமுணுப்பது சொன்னதாகாது. 'மூலையில் பத்து மூட்டை நனைந்துள்ளன. இன்று கூரையைப் பார்க்க வேண்டும்' என்பதே சொல்லாகும். தலைவரும் மனிதரே, அவர்க்கும் வீட்டுத் துயரும் மேலிடத்து நெருக்கடியும் உண்டென்று எண்ணுதலும் துணைவர்க்கு அழகு. முகம் கண்டு அஞ்சி ஒதுங்குவது குறிப்பறிதல் அன்று. முகத்தின் பின்னுள்ள துயரை அறிந்து, அதற்கேற்ற சொல்லைத் தேர்ந்து, சொல்லவேண்டியதைச் சொல்லியே தீர்தல்தான் குறிப்பறிதல்.

தலைவராவோர் செய்யத்தக்கன மிகப் பெரியவும் அல்ல. கூட்டத்தில் தம் கருத்தை முதலில் கூறாமல், இளையவர் கருத்தை முதலில் கேட்டல். தீய செய்தி கொணர்ந்தவருக்கு, செய்தியைக் கேட்குமுன் அமர இடம் தருதல். துணைவர் பெயரை அறிந்து பெயரால் அழைத்தல். புகழைப் பலர்முன்னும் கடிதலைத் தனியிடத்தும் வைத்தல். ஒருவர் சின்னாளாகப் பேசாதிருப்பின் அவர் அமைதியை நிறைவென்று கொள்ளாமல் காரணம் வினவுதல். இவற்றுள் ஒன்றுக்கும் பொருட்செலவு இல்லை. ஆயினும் இவை அரியனவாய் இருத்தற்குக் காரணம், உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவுடன் கீழிருந்தபோது கண்டதை மனம் விரைவில் மறந்துவிடுதலே.

நண்பர்காள், இப்பொருளில் நமக்குத் தனிப்பட்ட பங்கு ஒன்று உளது. நம் கல்லூரியில் பயில்வோருள் எத்தனையோ பேர் தம் குலத்தில் முதன்முதல் பட்டம் பெறப்போகின்றவர்கள். நம் தந்தையரும் அன்னையரும் கிளீனராகவும் சித்தாளாகவும் ஆயாவாகவும் ஏவலராகவும் உழைத்தவர்கள். கட்டளையிடும் நாற்காலியில் நம் வீட்டார் எவரும் அமர்ந்ததில்லை. இன்னும் சில ஆண்டுகளில் நம்முள் சிலர் அதில் அமர்வோம். நமக்குக் கீழும் ஒருவர் இருப்பார். அவர் நம் அறைக்குள் நுழையுமுன் வாயிலில் ஒரு கணம் தயங்குவார். அத்தயக்கத்தின் பொருளை அறிய நமக்கு எந்நூலும் வேண்டுவதில்லை. நம் வீடுகளிலேயே அதனைக் கண்டு வளர்ந்தோம். மேலிருந்தே வந்தவர் அதனை அறியாதிருப்பின் பொறுத்தல் கூடும். அறிந்த நாம் மறப்போமாயின், நாம் பெற்ற பட்டம் நம்மை உயர்த்தியது உண்மையே. ஆனால் நம் பெற்றோரை உயர்த்தியதாகாது.

தமையனார் இப்பொழுது வேறோர் இடத்தில் பணி செய்கிறார். அவர்கீழ் இரண்டு இளைஞர்கள் உள்ளனர். சென்ற மாதம் அவர்களுள் ஒருவன் கணக்கில் ஒரு தவறு நேர்ந்ததைத் தானே வந்து, அன்றைக்கே, சொன்னானாம். தவறு நாலாயிரம் ரூபாய்க்கு. அன்று மாலை அதனை எம் அன்னையாரிடம் தொலைபேசியில் கூறிய தமையனாரின் குரலில் வருத்தம் சிறிதும் இல்லை. "அன்றைக்கே சொல்லிவிட்டான் அம்மா" என்றே இருமுறை கூறினார்.